ஃபுல்லர், வாக்கர், டக்கர்: ஒரு தொழிலின் மூன்று பெயர்கள்



நற்செய்திப்பணியின் வரலாற்றை வாசிக்கிறவர்கள் மூன்று ஆங்கிலேயரின் பெயர்களை அறிந்திருப்பார்கள். வில்லியம் கேரியை இந்தியாவுக்கு அனுப்பிய பாப்திஸ்து மிஷனெரி சங்கத்தின் முதற்செயலாளர் ஆண்ட்ரு ஃபுல்லர். 1885இல் தென்னிந்தியாவுக்கு வந்து, 1912இல் மறையும்வரை இம்மண்ணில் உழைத்து, திருநெல்வேலி நாட்டில் நிலைத்த பெயர் பெற்றவர் தாமஸ் வாக்கர். 1882இல் பம்பாயில் இரட்சணிய சேனையின் ஊழியத்தைத் தொடங்கியவர் ஃபிரெடரிக் டக்கர். இம்மூவரும் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள். வெவ்வேறு வழிகளில் அழைக்கப்பட்டவர்கள். ஆயினும் இவர்களுடைய குடும்பப்பெயர்கள் மூன்றும் ஒரே பொருளைத் தருகின்றன. நெய்த கம்பளித்துணியைத் தொட்டியிலிட்டுக் காலால் மிதித்து, அழுக்கும் எண்ணெயும் போக்கிக் கெட்டிப்படுத்துகிறவன் என்பதே அப்பொருள்.

நம்மிடையே பெரும்பாலும் தகப்பனுடைய பெயரின் முதலெழுத்தே ஒருவரது பெயரின் முன்னால் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் பலருக்குப் பழக்கமில்லாதது. இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் அது இல்லை. 1066இல் நார்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னரே அவ்வழக்கம் பெருநிலக்கிழாரிடம் தொடங்கி, மெல்ல மெல்லக் குடியானவரிடமும் கைவினைஞரிடமும் பரவியது. ஓர் ஊரில் பத்து யோவான்கள் இருந்தால் அவர்களை வேறுபடுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தகப்பன் பெயர், குடியிருந்த இடம், உடலின் அடையாளம், செய்த தொழில் ஆகிய நான்கிலிருந்தும் பெயர்கள் பிறந்தன. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரியின் ஏடுகளில், எழுத்தறியாத ஏழைகளும் இத்தகைய பெயர்களோடு பதிவானார்கள். கொல்லன் 'ஸ்மித்' ஆனான். தையற்காரன் 'டெய்லர்' ஆனான். துணி மிதித்தவன் ஃபுல்லர் ஆனான்.

அந்தத் தொழில் எத்தகையது என்பதை அறிந்தால்தான் அந்தப் பெயரின் கனம் விளங்கும். தறியிலிருந்து இறங்கும் கம்பளித்துணி உடனே உடுத்தத் தக்கதன்று. ஆட்டு மயிரில் இயல்பாக உள்ள கொழுப்பும், நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் அதில் ஊறியிருக்கும். இழைகளுக்கிடையே இடைவெளி தெரியும். காற்றும் மழையும் உள்ளே புகும். ஆகையால் அதை நீளமான தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரை ஊற்றி, ஆட்கள் அதனுள் இறங்கி மணிக்கணக்காக மிதித்தார்கள். சிறுநீரிலுள்ள காரம் கொழுப்பைக் கரைத்தது. மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாயின. எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணையும் இட்டு மிதித்து, பின்பு நல்ல நீரில் அலசினார்கள். அதன்பின் மரச்சட்டங்களில் கொக்கிகளால் நாற்புறமும் இழுத்துக் கட்டி வெளியில் உலர்த்தினார்கள்.

அந்தக் களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் 'ஃபுல்லரின் மண்' என்றே பெயர். நம் கடைகளில் முல்தானி மட்டி என்று விற்கப்படுவது அவ்வகை மண்ணே. நம் ஊர்களிலும் சவுக்காரக் கட்டி வருமுன்னே துணி வெளுப்பவர்கள் உவர்மண்ணைத் தேடி எடுத்துவந்தார்கள். மண் அழுக்காக்கும் என்றே நாம் நினைக்கிறோம். மண்ணைக்கொண்டே வெண்மையை உண்டாக்கும் அறிவு அந்த எளிய மக்களிடம் இருந்தது.

இத்தொழில் ரோமரிடமும் இருந்தது. இலத்தீனில் 'ஃபுல்லோ' என்றால் துணி மிதிப்பவன். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்தில் இத்தொழிற்சாலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தொட்டிக்குள் நின்று துணி மிதிக்கும் ஆட்களின் சுவரோவியங்களும் கிடைத்தன. வெஸ்பாசியன் என்னும் பேரரசன் இத்தகைய தொழில்களுக்காகச் சேகரிக்கப்பட்ட சிறுநீருக்கும் வரி விதித்தான். அந்த இலத்தீன் சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஃபுல்லெரெ' ஆயிற்று. அதுவே ஃபுல்லர் என்னும் குடும்பப்பெயருக்கு மூலம்.

ஆனால் இங்கிலாந்தின் எல்லாப் பகுதிகளிலும் இத்தொழிலாளி ஒரே சொல்லால் அழைக்கப்படவில்லை. தென்கிழக்கிலும் கிழக்கிலும் அவன் ஃபுல்லர். வடக்கிலும் மேற்கு நடுநாட்டிலும் அவன் வாக்கர். நடந்து திரிகிறவன் என்ற பொருளில் அல்ல; 'வெயல்கன்' என்னும் பழைய வினைச்சொல்லுக்கு உருட்டுதல், புரட்டுதல் என்று பொருள். துணியைக் காலால் புரட்டி மிதிப்பவன் வாக்கர். தென்மேற்கில் அவன் டக்கர். இது 'தூசியன்' என்னும் வினையிலிருந்து வந்தது. அதன் பழம்பொருள் வதைத்தல் என்பதாகும். துணியை வதைப்பதுபோல் இழுத்தும் அடித்தும் பதப்படுத்தியதால் அப்பெயர் பொருந்தியது. இன்றும் ஒருவரது முன்னோர் இங்கிலாந்தின் எத்திசையில் வாழ்ந்தனர் என்பதற்கு இம்மூன்று பெயர்களும் குறிப்புக் கொடுக்கின்றன. இவற்றுள் வாக்கர் இங்கிலாந்தில் மிகப் பரவலான இருபது குடும்பப்பெயர்களுள் ஒன்றாக விளங்குகிறது. எத்தனை ஆயிரம் கால்கள் அந்தத் தொட்டிகளில் மிதித்திருந்தால் இத்தனை குடும்பங்களுக்கு அப்பெயர் வாய்த்திருக்கும்!

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் மனிதக் கால்களுக்குப் பதிலாக நீராற்றலால் இயங்கும் மரச்சம்மட்டிகள் வந்தன. தேவாலய வீரர்கள் என்றழைக்கப்பட்ட துறவுப்படையினர் 1185இல் தங்கள் நிலங்களைக் கணக்கெடுத்தபோது, யார்க்ஷயரிலும் குளோஸ்டர்ஷயரிலும் இத்தகைய ஆலைகளைக் குறித்துவைத்தார்கள். எலினோரா கேரஸ்-வில்சன் என்னும் வரலாற்றாசிரியை 1941இல் எழுதிய கட்டுரையில், இம்மாற்றத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே பெயரிட்டார். வேல்சில் இந்த ஆலைக்குப் 'பாண்டி' என்று பெயர். டோனிபாண்டி என்னும் ஊரின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. எக்சிட்டர் நகரில் 'டக்கர்ஸ் ஹால்' என்னும் கட்டடம் நிற்கிறது. 1471இல் நெசவாளரும் துணி மிதிப்போரும் துணி கத்தரிப்போரும் சேர்ந்த சங்கம் அதை ஒரு சிற்றாலயமாகவே கட்டியது. வாரம் முழுவதும் நாற்றத்தில் நின்றவர்கள் தொழுவதற்கென்று தங்களுக்கு ஓர் இடம் அமைத்துக்கொண்டார்கள் என்பது எண்ணத்தக்கது.

இவ்வாறு பெயரும் தொழிலும் சேர்ந்திருந்த காலத்தில் ஓர் ஆங்கிலக் கவிஞர் இதில் ஒரு மறைபொருளைக் கண்டார். பதினான்காம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் ப்ளவ்மன்' என்னும் நெடுங்கவிதையில், தறியிலிருந்து வந்த துணி மிதிக்கப்பட்டு, கழுவப்பட்டு, சீவப்பட்டு, இழுத்துக் கட்டப்பட்டாலன்றி உடுக்கத்தக்க அழகு பெறாது என்று சொல்லி, ஞானஸ்நானம் பெறாத குழந்தையை அத்துணிக்கு ஒப்பிடுகிறார். அவர் காலத்து ஆங்கிலத்தில் இந்த ஒப்புமைக்கு இன்னொரு வலிமையும் இருந்தது. துணியை மிதித்து வெளுப்பதற்கும் ஞானஸ்நானம் கொடுப்பதற்கும் ஏறக்குறைய ஒரே ஒலியுள்ள சொற்கள் அன்று வழங்கின. பழைய ஆங்கிலத்தில் யோவான் ஸ்நானகன் 'ஃபுல்லுஹ்டெரெ' என்று அழைக்கப்பட்டார். இவ்விரு சொற்களுக்கும் வேர் வேறு. ஆயினும் கேட்ட மக்களின் காதில் அவை அருகருகே ஒலித்தன.

பிரியமானவர்களே, அந்தக் கவிஞருக்கு நெடுங்காலத்துக்கு முன்பே வேதம் இத்தொழிலாளியைக் கூர்ந்து நோக்கியிருக்கிறது. நம் தமிழ் வேதாகமம் அவரை வண்ணார் என்று மொழிபெயர்த்தது. எருசலேமில் வண்ணார் துறை நகரத்தின் ஓரத்தில், மேற்குளத்து நீர் வரும் வழியில் இருந்தது. ஆகாஸ் ராஜா படையெடுப்பின் பயத்தால் நடுங்கியபோது, ஏசாயா அவனைச் சந்திக்க அனுப்பப்பட்ட இடம் அரண்மனையன்று; அந்தத் துறைக்குப் போகிற வழியே. பின்னாளில் அசீரியரின் ரப்சாக்கே வந்து நின்று ஜீவனுள்ள தேவனை நிந்தித்ததும் அதே இடத்தில்தான். அவநம்பிக்கைக்கும் விசுவாசத்துக்கும் நடந்த இரண்டு பெரிய வழக்குகள் துணி துவைக்கும் இடத்தருகே நடந்தன.

எபிரெய மொழியில் உடலைக் கழுவுவதற்கு ஒரு சொல் உண்டு; துணியைத் துவைப்பதற்கு வேறொரு சொல் உண்டு. ஐம்பத்தோராம் சங்கீதத்தில் தாவீது தன்னைக் கழுவும்படி கெஞ்சும்போது இரண்டாவது சொல்லையே எடுத்தாளுகிறான். முகத்தில் நீர் தெளிப்பது போதாது. துணியைப்போல் தன்னை முழுவதும் துவைத்தெடுக்க வேண்டும் என்பது அவன் வேண்டுதல். மல்கியாவும் கர்த்தருடைய வருகையைப் பற்றிப் பேசும்போது, பொற்கொல்லனின் புடத்தையும் வண்ணாரின் சவுக்காரத்தையும் சேர்த்தே சொல்லுகிறான். அந்தச் சவுக்காரம் முதலில் யாருக்கு என்று கவனியுங்கள்: லேவியின் புத்திரருக்கு, அதாவது பலிபீடத்தருகே நிற்கிறவர்களுக்கு. பிரசங்க பீடத்தில் நிற்கிற என் போன்றோர் இதைத் தாண்டிப் போக முடியாது.

மறுரூப மலைக் காட்சியை மூன்று சுவிசேஷகர்கள் எழுதியிருக்கிறார்கள். மத்தேயு வெளிச்சத்தைச் சொல்லுகிறார். லூக்கா பிரகாசத்தைச் சொல்லுகிறார். மாற்கு ஒருவரே வண்ணாரை நினைக்கிறார். உலகத்தில் எந்த வண்ணாராலும் கொண்டுவர முடியாத வெண்மை அது என்கிறார். வெண்மையை அறிந்தவர் யார் என்று கேட்டால், அரசரையோ ஆசாரியரையோ அவர் காட்டவில்லை. தொட்டியில் நிற்கும் தொழிலாளியையே அளவுகோலாகக் காட்டுகிறார். வேறொரு நினைவும் திருச்சபையில் உண்டு. கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபு, வண்ணார் துணியடிக்கும் தடியால் அடிபட்டு இரத்தசாட்சியாய் மரித்ததாக ஹெகெசிப்பு எழுதிய செய்தியை, எவுசேபியு தம் சபை வரலாற்றில் எடுத்துரைக்கிறார். ஆகையால் மேற்கத்திய ஓவியங்களில் யாக்கோபின் கையில் அந்தத் தடியைக் காணலாம்.

இனிப் பெயருக்கு வருவோம். தொழிலை விட்டு வெளியேறிய பின்னும் பெயர் மட்டும் குடும்பங்களோடு நடந்தது. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா சென்ற சாமுவேல் ஃபுல்லர் மருத்துவராகப் பணியாற்றினார். 1608இல் பிறந்த தாமஸ் ஃபுல்லர் குருவானவராகி, 1655இல் பிரித்தானியச் சபையின் வரலாற்றை எழுதினார். தம் பெயரை வைத்தே சிலேடை பேசி மகிழ்வது அவருக்கு வழக்கம். தம் கல்லறையில் 'ஃபுல்லரின் மண் இங்கே கிடக்கிறது' என்னும் பொருள்பட எழுதலாம் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. முன்னோரின் இழிவென்று கருதக்கூடியதை அவர் மறைக்கவில்லை. மரணத்தைப்பற்றிய மனத்தாழ்மையான சிரிப்பாக அதை மாற்றிக்கொண்டார்.

ஆண்ட்ரு ஃபுல்லர் 1754இல் கேம்பிரிட்ஜ்ஷயரின் விக்கன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரி வாசலை மிதியாதவர். ஆயினும் 1785இல் வெளியிட்ட நூலொன்றில், நற்செய்தியை எல்லாருக்கும் அறிவிப்பது சபையின் கடமை என்று வாதாடினார். 1792 அக்டோபர் 2 அன்று கெட்டரிங் ஊரில் ஒரு விதவையின் வீட்டில் சிலர் கூடி, 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் தருவதாக வாக்களித்து மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். செருப்புத் தைத்துப் பிழைத்த கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டார். சுரங்கத்துக்குள் தாம் இறங்குவதாகவும், மேலே நிற்பவர்கள் கயிற்றை விடாமல் பிடிக்க வேண்டும் என்றும் கேரி கேட்டுக்கொண்டதாக ஃபுல்லர் நினைவுகூர்ந்தார். 1815இல் இறக்கும்வரை அந்தக் கயிற்றை அவர் விடவில்லை. ஊர் ஊராகச் சென்று காணிக்கை சேர்த்தார். எதிர்த்தவர்களுக்குப் பதில் எழுதினார். தம் சபையையும் மேய்த்தார்.

அதே காலத்தில் அதே பெயரோடு வேறொருவர் வாழ்ந்தார். சசெக்ஸ் நாட்டின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த ஜான் ஃபுல்லர் 1757இல் பிறந்தவர். அவருடைய குடும்பத்தின் செல்வம் இரும்பிலிருந்தும், ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த தோட்டங்களிலிருந்தும் வந்தது. பாராளுமன்றத்தில் அவர் அடிமைமுறைக்காக வாதாடினார். இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் நிறுவிய ஃபுல்லர் பேராசிரியர் பதவியை 1833இல் முதலில் ஏற்றவர், ஒரு கொல்லரின் மகனாகிய மைக்கேல் ஃபாரடே. ஒரே பெயரை ஒருவர் நற்செய்தியின் பாரத்தோடு சுமந்தார். இன்னொருவர் மனிதரை விலைப்பொருளாக வைத்திருந்த வீட்டின் பெயராகச் சுமந்தார். வெளுக்கும் தொழிலின் பெயர் இருதயத்தை வெளுக்காது.

வாக்கரும் டக்கரும் நம் நாட்டுக்கே வந்தவர்கள். வங்காள மாகாணத்தின் மோங்கீரில் 1853இல் பிறந்து, அரசுப் பணியில் இருந்த டக்கர், அதைத் துறந்து இரட்சணிய சேனையில் சேர்ந்தார். ஏழைகளோடு ஒன்றாவதற்காக இந்திய உடை அணிந்து, காலணியின்றி நடந்து, ஃபக்கீர் சிங் என்று பெயரும் சூட்டிக்கொண்டார். 1888இல் எம்மா பூத் அம்மையாரை மணந்தபோது அவருடைய குடும்பப்பெயரையும் தம் பெயரோடு இணைத்து, பூத்-டக்கர் ஆனார். பெயர் அவருக்குப் பெருமைப்படும் சொத்தாக இருக்கவில்லை. அன்பின்பொருட்டு மாற்றிக்கொள்ளக்கூடிய உடையாக இருந்தது.

தாமஸ் வாக்கர் டர்பிஷயரில் 1859இல் பிறந்தவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் ஆமி கார்மைக்கேல் அம்மையார். அந்நாளில் திருநெல்வேலியில் அவரைக் கண்டு எழுந்து நின்றவர்கள், துணி மிதிப்பவன் என்று பொருள்படும் பெயருடைய ஒருவருக்கு முன்பாக எழுந்து நின்றார்கள். அதே திருநெல்வேலி மாவட்டத்தில் துணி வெளுக்கும் ஒரு மக்கள் கூட்டத்தார் பகலில் பிறர் கண்ணில் படக்கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்தார்கள். புதிரை வண்ணார் எனப்படும் அவர்கள், தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்டோரின் துணிகளை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வெளுத்தார்கள் என்று 1932 டிசம்பரில் 'இந்து' நாளேடு எழுதியது. டாக்டர் அம்பேத்கர் அச்செய்தியைத் தம் எழுத்தில் எடுத்தாண்டார்.

இதை நாம் ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது. இங்கிலாந்திலும் உயர்வு தாழ்வு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே ஃபுல்லரின் பேரன் குருவானவராகவும் மருத்துவராகவும் ஆனபோது, பழைய தொழிற்பெயர் அவனைத் திரும்பத் தொட்டிக்குள் இழுக்கவில்லை. பெயர் கடந்தகாலத்தின் நினைவாக நின்றது, வருங்காலத்துக்கு விலங்காகவில்லை. நம் நாட்டிலோ தொழிலின் பெயர் பிறப்பின் முத்திரையாயிற்று. படித்து வேறு வேலைக்குப் போனாலும் அந்தப் பெயரைச் சொல்லிச் சுட்டிக்காட்டும் வாய்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தை ஆலயத்தில் பயபக்தியோடு வாசித்துவிட்டு, வீட்டு வாசலில் துணி வாங்க வந்தவரை வயதுக்குரிய மரியாதையின்றி ஒருமையில் அழைத்தால், நாம் வாசித்த வேதம் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

எனவே இவ்வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் துணியை வெளுக்கிறவர், தேய்த்துக் கொடுக்கிறவர், தெருவைக் கூட்டுகிறவர், உங்கள் வீட்டுக் கழிவை அகற்றுகிறவர் ஆகியோரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள். தொழிலைச் சொல்லி அழைப்பதை விட்டு, அவர்களுடைய பெற்றோர் இட்ட பெயரைக் கேட்டறிந்து, அண்ணன் என்றும் அக்கா என்றும் சேர்த்து அழையுங்கள். பிள்ளைகள் கேட்கும்படி அழையுங்கள். பெயரை மரியாதையாகச் சொல்வதால் எல்லா அநீதியும் நீங்கிவிடாது. ஆயினும் அநீதியை விட்டுவிடுகிறவன் எடுத்துவைக்கும் முதல் அடிகளில் அதுவும் ஒன்று.

வதைத்தல், புரட்டுதல், மிதித்தல் ஆகிய பொருள்களிலிருந்து இம்மூன்று பெயர்களும் பிறந்தன. துணிக்கு அது துன்பமே. ஆனால் அத்துன்பத்துக்குப் பின் மழையையும் குளிரையும் தாங்கும் ஆடை கிடைத்தது. கர்த்தர் நம்மைத் தம் சவுக்காரத்தால் சுத்திகரிக்கும்போது நமக்கும் நோகும். முதலில் நோவது நம் பெருமையாக இருக்கட்டும். பிறரை இழிவாகக் கண்ட கறை நம்மைவிட்டு நீங்க, தாவீதோடு சேர்ந்து நாமும் அவர் கையில் நம்மை ஒப்புக்கொடுப்போம். ஆமென்.